பந்து எவருக்கும் சொந்தமன்று

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு வாலிபாலைப் பற்றிப் பேசுக என்று சங்கத்தார் பணித்தபோது சற்றே திகைத்தோம். பத்தாம் வகுப்புத் தேறி, சம்பளப் பட்டியலோடும் லீவுக் கணக்கோடும் காலம் கழிக்கும் குமாஸ்தாக்களுக்கு மேடைப் பேச்சு எங்கிருந்து வரும்? ஆயினும், மாலை 5 மணிக்குப் பணிமனையிலிருந்தும் ஆபீசிலிருந்தும் நேரே மைதானத்திற்குச் சென்று, நம் பிள்ளைகளோடு செம்மண்ணில் நிற்கும் மூவரில் ஒருவராகவே இங்கு வந்திருக்கிறோம். ஆகவே இந்தப் பேச்சில் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே சொல்லப் போகிறோம். அதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஆபத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் இந்த ஆட்டத்தின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோல்யோக் என்னும் ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன் என்பவர் இதனை வகுத்தார். கூடைப்பந்து அப்போதுதான் பரவி வந்தது. நடுவயதைத் தொட்ட வியாபாரிகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் அந்த ஓட்டம் தாங்கவில்லை. அவர்களுக்காகவே, குறுக்கே ஒரு வலையைக் கட்டி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஆடும்படி அமைத்த ஆட்டம் இது. முதலில் இதற்கு 'மின்டனெட்' என்று பெயர். மறு ஆண்டிலேயே வாலிபால் என்ற பெயர் வந்துவிட்டது. எங்களைப் போன்ற ஆபீஸ் மனிதர்களுக்கென்றே பிறந்த ஆட்டம் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

நம் நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ.வின் வழியாகவே இது வந்தது. 1951-இல் இந்திய வாலிபால் சம்மேளனம் அமைந்தது. 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் அணி வெண்கலம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளி பெற்றது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே வாலிபாலுக்காக அதனைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரன் 1982-இல் அதே விருதைப் பெற்றார். கேரளத்தின் பேராவூரில் எட்டுச் சகோதரர்களும் வாலிபால் ஆடிய ஒரு வீட்டில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ், 1986-இல் சியோலில் நாம் மீண்டும் வெண்கலம் பெற்ற அணியில் ஆடினார். இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 1987-இல் அங்கேயே ஒரு மோட்டார் விபத்தில் மறைந்தார். அதன் பின் நமக்கு ஆசியப் பதக்கம் வாய்க்கவில்லை என்றாலும், 2023-இல் ஹாங்சௌவில் நம் பிள்ளைகள் தென்கொரியாவை 3–2 என்று வென்று காட்டினார்கள். இந்த வரிசையை ஏன் சொல்லுகிறோம் என்றால், இது நமக்கு அயலான ஆட்டம் அன்று, நம்மவர் கைபட்டு வளர்ந்த ஆட்டம் என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே.

இனி நம் கரக்பூர் மைதானத்திற்கு வருவோம். இரண்டு கம்பங்கள், ஒரு பழைய வலை, முழங்காலில் ஒட்டினால் மூன்று முறை துவைத்தாலும் போகாத செம்மண். சித்திரை வைகாசியில் மாலை நேரத்தில் திடீரென்று புயற்காற்று எழுந்தால் பந்து லயனுக்குப் போய்விடும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். இவ்வளவுதான் எங்கள் கலாசாலை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூவரும் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி தரத் தொடங்கியபோது, எங்களுக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றே ஒன்று: பன்னிரண்டு பேரை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டு, கோட்டின் ஓரத்தில் நின்று சத்தம் போடுவது.

அந்தச் சத்தத்திற்கு நாங்கள் ஓர் உயர்ந்த ஆதாரமும் வைத்திருந்தோம். ஜப்பானில், ஒசாகாவை அடுத்த கைசுகா என்னும் ஊரில், நிச்சிபோ என்ற நூற்பாலையில் வேலை செய்த பெண்களைக் கொண்டு டைமாட்சு என்பவர் ஓர் அணியை உருவாக்கினார். பகலில் ஆலை வேலை, மாலை முதல் நள்ளிரவு வரை பயிற்சி. விழுந்து, உருண்டு, பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் வித்தையை அவர் பழக்கினார். 1962-இல் மாஸ்கோவில் உலகப் பட்டம் வென்ற ஜப்பானிய அணியும், 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் நாட்டை வென்று தங்கம் கொண்ட அணியும் பெரும்பாலும் அந்த ஆலைப் பெண்களே. வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்ந்த முதல் ஆண்டும் அதுவே. இந்தக் கதையைப் படித்த நாங்கள், அதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த உருளும் வித்தையை அன்று. அந்த மனிதரின் கடுமையை மட்டுமே. அந்தக் கடுமையை அவர் நாட்டிலேயே பலர் பின்னர் கண்டித்தார்கள் என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கற்பதில் சுலபமானதை முதலில் கற்பது மனித இயல்பு போலும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் குளிரில், காலனிகளுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். நம்மில் பலர் குடும்பத்தோடு வந்திருந்தீர்கள். இரண்டு செட் நமக்கு, இரண்டு செட் அவர்களுக்கு. ஐந்தாவது செட்டில் 13–14. சர்வீஸ் நம்மிடம். பந்தை எடுத்தவன் நம் லிஃப்டர். பந்தை உயர்த்திக் கொடுப்பவனை ஆட்டப் புத்தகங்கள் 'செட்டர்' என்று கூறும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் என்றும் லிஃப்டர்தான். அவன் பதினொன்றாம் வகுப்பு மாணவன், ஒரு டிராக்மேனின் மகன். பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டது. ஒரு கணம் அங்கேயே நின்றது போல் இருந்தது. பிறகு நம் பக்கமே விழுந்தது. 13–15. கோப்பை போயிற்று.

அப்போது நாங்கள் செய்ததைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தோம் என்றாலும் தகும். கூட்டத்தின் நடுவே, அவன் தந்தை நின்றுகொண்டிருக்கும்போதே, "உன்னால்தான் எல்லாம் போயிற்று" என்று வைதோம். 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்வதில் உள்ள ஆபத்து என்று முன்னே சொன்னோமே, அது இதுதான். மூவரில் வைதவர் ஒருவரே. இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கும் இதே வாய்தான் அது.

மறுநாள் அவன் மைதானத்திற்கு வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. நான்கு மாதங்கள் ஓடின. கோபம் தணிந்தால் வருவான் என்று இருந்தோம். கோபம் அவனுடையது என்று எண்ணியிருந்தோம்! பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலனிப் பிள்ளையார் கோயிலில் அவன் தாயாரைச் சந்திக்க நேர்ந்தது. அந்த அம்மையார் எங்களை ஒதுக்கிச் செல்லவில்லை. நின்று பேசினார்.

"அண்ணா, அவன் தோற்றதற்கு அழவில்லை. அவன் அப்பா முன்னால் நீங்கள் அப்படிச் சொன்னீர்களே, அதற்குத்தான் அழுதான். இராத்திரி நேரத்தில் தண்டவாளம் பார்த்து நடக்கிற மனிதர் அவர். ஒரு வண்டி லேட்டானால் உங்கள் ஆபீசில் ஒரே ஆள் தலையிலா எழுதிவிடுகிறீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. வீட்டிற்கு வந்தோம். எங்கள் மூவரில் ஒருவர் கணக்குப் பிரிவில் இருப்பவர். பழக்க தோஷத்தால் அந்த இறுதி ஆட்டத்தைப் புள்ளி புள்ளியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதுவரை அந்த நோட்டை எவரும் திறக்கவில்லை. அன்று இரவு திறந்தோம். ஐந்தாவது செட்டில் எதிரணி பெற்ற 15 புள்ளிகளில், அவர்கள் அடித்துப் பெற்றவை 6. மற்ற 9 புள்ளிகளும் நாம் கொடுத்த தானம். தவறிய சர்வீஸ் 3, சர்வீஸை வாங்கத் தெரியாமல் விட்டவை 4, இருவர் நடுவே 'நீ எடு, நான் எடு' என்று பார்த்துக்கொண்டே விழவிட்டவை 2. ஒன்பதில் அந்தப் பிள்ளையின் பங்கு ஒன்றே ஒன்று. கடைசியாக வந்தது என்பதைத் தவிர அந்த ஒன்றுக்கு வேறு எந்தச் சிறப்பும் இல்லை.

மறுநாள் மாலை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தந்தையின் முன்னிலையிலேயே, எங்கள் பேச்சுத் தவறு என்று ஒப்புக்கொண்டோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுக்கச் சொன்னார். பையன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "மாமா, இந்த நாலு பாஸையும் விட்டது யார் யார் என்று எழுதியிருக்கிறீர்களா?" இல்லை என்றோம். "எழுத வேண்டாம் மாமா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

அன்பர்களே, பயிற்சி என்றால் என்ன என்பதை அந்த நோட்டிலிருந்துதான் நாங்கள் கற்றோம். கைதட்டலைப் பெறுவது ஸ்மாஷ். ஆட்டத்தை முடிவு செய்வது, கைதட்டல் பெறாத முதல் தொடுகை. வாலிபாலில் ஓர் அணி பந்தை மூன்று முறை தொடலாம். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடலாகாது. தடுப்பில் கைபட்டது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பிடித்து வைத்துக்கொள்ளவும் ஆட்டத்தில் இடமில்லை. எவ்வளவு பெரிய வீரனாயினும் பந்தைத் தொட்டவுடன் பிறனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பந்து எவருக்கும் சொந்தமன்று. முதல் தொடுகை கோணினால் லிஃப்டர் ஓடவேண்டும். லிஃப்டர் ஓடினால் உயர்த்தல் கோணும். உயர்த்தல் கோணினால் எப்படிப்பட்ட அடிகாரனும் வலையில்தான் அடிப்பான். பின்னர் எல்லாரும் அடித்தவனைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்!

ஆகவே பயிற்சியைத் தலைகீழாக மாற்றினோம். முன்பு முதல் மணி நேரம் ஸ்மாஷ். இப்போது முதல் அரை மணி பந்தை வாங்கும் பயிற்சி. இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே உள்ள தட்டையான பாகத்தில் பந்தை ஏந்த வேண்டும். கட்டைவிரல்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இணைந்து கீழ்நோக்கி இருக்க வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். பந்தை அனுப்புவது கால். கை வெறும் பலகை. கையை வீசியவன் பந்தைக் கோயில் கோபுரத்திற்கு அனுப்புவான். முதலில் ஒவ்வொருவரும் சுவரில் 50 முறை. பிறகு இருவர் இருவராக. பிறகு வலையோரத்தில் லிஃப்டர் நிற்கும் இடத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைக் கிடத்தி, அதில் விழும்படி அனுப்ப வேண்டும். டயருக்குள் விழுந்தால் 3, ஓரடி ஈரடி தள்ளினால் 2, ஆட்டம் தொடரும் அளவுக்கு மட்டும் வந்தால் 1, விட்டால் 0. பத்துப் பந்துக்கு 20 பெறுபவன் நல்ல ஆட்டக்காரன். இந்த எண்ணை அவரவர் தம் நோட்டில் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். அணியின் மொத்தத்தை மட்டுமே எல்லார் முன்னும் படிப்போம். அந்தப் பையன் கேட்டுக்கொண்ட விதி அது, இன்றுவரை மீறவில்லை.

இரண்டாவது, உயர்த்திக் கொடுத்தல். பந்து நெற்றிக்கு மேலே வரும்போது பத்து விரல்களும் ஒரு கிண்ணம் போல் விரிந்து, விரல் நுனியால் வாங்கி, அக்கணமே அனுப்பிவிட வேண்டும். உள்ளங்கையில் பட்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துச் சுவரில் பந்தை உயர்த்தச் செய்வது. உட்கார்ந்திருப்பவன் காலால் ஏமாற்ற முடியாது. விரல் தானே பழகும்.

மூன்றாவது, ஸ்மாஷ். நம் பிள்ளைகளின் பெருங்குறை, பந்து உயருமுன்பே ஓடிவந்து வலையடியில் நின்றுவிடுவது. பந்து இறங்கும்போது அவர்கள் காத்துக்கிடப்பார்கள். முதல் மூன்று வாரம் பந்தே கிடையாது. வலக்கையால் அடிப்பவனுக்கு இடது, வலது, இடது என்று மூன்று அடிகள். முதலடி மெதுவாக, கடைசி இரண்டும் விரைவாக. கைகள் பின்னே போய் முன்னே வந்து உடலைத் தூக்க வேண்டும். நடன வகுப்பு என்று பெரிய பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு ஒரு பெஞ்சின் மேல் நின்று நாங்கள் பந்தைக் கையில் உயர்த்திப் பிடித்தோம். குதித்து அதை அடிக்கச் சொன்னோம். கேலி நின்றது.

தடுக்கும் வித்தையில் ஒரே ஒரு சூத்திரம்: அடிப்பவனுடன் சேர்ந்து குதிக்காதே, அவன் குதித்த பின் குதி. பந்தைப் பாராதே, அடிப்பவனின் தோளைப் பார்.

நான்காவது, சர்வீஸ். இதில் எங்களைப் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் திருந்த வேண்டியது ஒன்று இருந்தது. 1999-க்கு முன், கடைசி செட் நீங்கலாக, சர்வீஸ் செய்யும் அணி மட்டுமே புள்ளி பெற முடியும். சர்வீஸ் தவறினால் சர்வீஸ் கைமாறும், புள்ளி போகாது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. செட்டுக்கு 25, ஐந்தாவதற்கு 15. தவறிய சர்வீஸ் கையிலிருந்து விழுந்த காசு. ஆகவே பயிற்சி முடிந்து, பிள்ளைகள் களைத்து, வீட்டு நினைவு வந்த பிறகே சர்வீஸ் பயிற்சி வைக்கிறோம். மைதானத்தை ஒரு முறை சுற்றி ஓடி வந்து, மூச்சிரைக்க நின்று, இரண்டு சர்வீஸ் தொடர்ந்து கோட்டுக்குள் விழச்செய்தவன் வீட்டுக்குப் போகலாம். ஆட்டத்தில் சர்வீஸ் வருவது அப்படிப்பட்ட நேரத்தில்தானே! விசிலுக்குப் பின் 8 விநாடி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஒரு மூச்சு விட அது போதும் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

ஐந்தாவது குறை, இருவர் நடுவே விழும் பந்து. இதன் காரணத்தைக் கண்டுபிடித்தபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. நம் அணி தமிழ்ப் பிள்ளைகளால் மட்டும் ஆனதன்று. அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் இருவர், வங்காளிப் பிள்ளைகள் மூவர், ஹிந்தி பேசும் ஒருவன். ஒருவன் "எனக்கு" என்பான், மற்றவன் "நாதி" என்பான், இன்னொருவன் "மேரா" என்பான். மூவரும் சொல்லி முடிப்பதற்குள் பந்து மண்ணைத் தொட்டிருக்கும். எந்த மொழி என்று பெரியவர்களிடம் விட்டிருந்தால் இந்நேரம் மூன்று பொதுக்கூட்டங்கள் நடந்திருக்கும்! பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இந்த மண்ணின் சொல்லான "ஆமார்" என்பதே எல்லாருக்கும் தெரிந்தது, அதுவே இருக்கட்டும் என்றார்கள். இன்று நம் அணி ஆடும்போது நீங்கள் கேட்கும் ஒரே குரல் அதுதான். மூன்று தலைமுறையாக இந்த ஊரின் சோற்றை உண்ணும் நமக்கு அது பொருத்தமே.

இனிப் போட்டியுணர்ச்சியைப் பற்றிச் சில சொற்கள். 'விளையாட்டில் வெற்றி தோல்வி இல்லை' என்று பரிசளிப்பு விழாக்களில் சொல்வது வழக்கம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். வெல்ல விரும்பாதவன் ஆடவே வேண்டாம். ஆனால் வெல்லும் ஆசையைச் சத்தத்தால் ஊட்ட முடியாது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

ஆறு பேருக்கு ஆறு பேர் என்று ஆடினால், பாதிப் பிள்ளைகள் பாதி நேரம் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆகவே மைதானத்தைக் கயிற்றால் மூன்றாகப் பிரித்து, இருவருக்கு இருவர் ஆடவிடுகிறோம். ஒளிய இடமில்லை. பந்து எல்லாரிடமும் வந்தே தீரும். அடுத்து, 'இரட்டைப் புள்ளி' என்று ஓர் ஆட்டம்: தொடர்ந்து இரண்டு பந்துகளை வென்றால்தான் ஒரு புள்ளி, ஒன்றை வென்று அடுத்ததைத் தோற்றால் ஒன்றுமில்லை. ஒரு நல்ல அடி அடித்துவிட்டுக் கூத்தாடுகிறவன் அடுத்த பந்துக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. அந்த நோய்க்கு இது மருந்து. மூன்றாவது, ஆட்டத்தை 0–0 என்று தொடங்காமல் 20–23 என்று தொடங்குவது. பலமுள்ள பக்கத்திற்கு 20, இளையவர்களுக்கு 23. பெரியவர்கள் பின்தங்கிய நிலையில் அமைதியாக ஆடப் பழகுகிறார்கள். சிறியவர்கள் முன்னணியைக் காக்கப் பழகுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வித்தைகள். வாழ்க்கையிலும் அப்படித்தான் என்பது எங்கள் எண்ணம்.

இத்தனையும் செய்து கோப்பையை வென்றீர்களா என்று கேட்பீர்கள். வெல்லவில்லை. இவ்வாண்டு அரையிறுதியில் 2–3 என்று தோற்றோம். ஐந்தாவது செட்டில் 12–13. சர்வீஸ் யாரிடம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே பிள்ளையிடம். நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒரு மூச்சு விட்டான். பந்து வலையைத் தாண்டிச் சரியாகக் கோட்டோரத்தில் இறங்கியது. எதிரணி விழுந்தடித்து எடுத்தார்கள். நெடுநேரம் பந்து அங்கும் இங்கும் போயிற்று. கடைசியில் அவர்களுடைய நெட்டையான அடிகாரன் முடித்தான். அடுத்த பந்தும் அவர்களுக்கே. 12–15. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை நேரே நோட்டு வைத்திருந்தவரிடம் போனான். எண்ணிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தான். "மாமா, இன்று நாம் கொடுத்தது நாலுதான். மீதியெல்லாம் அவர்கள் சம்பாதித்தது" என்றான்.

கோப்பை எதிரணியின் காலனியில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட மாலையில் நாங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியதாக எண்ணவில்லை. அவன் இப்போது ஞாயிறு காலையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களைத் தரையில் உட்காரவைத்துச் சுவரில் பந்தை உயர்த்தக் கற்றுக்கொடுக்கிறான். எங்களைவிட மெல்லிய குரலில் கற்றுக்கொடுக்கிறான்.

இறுதியாகத் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் சில விண்ணப்பங்கள்.

உங்கள் மகனை ஸ்மாஷ் அடிக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று எங்களிடம் வந்து கேளாதீர்கள். ஆட்டத்தில் ஆறு இடங்களும் சுற்றி வருபவை. இன்று பின்வரிசையில் நிற்பவன் நாளை முன்வரிசைக்கு வந்தே தீர வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். பின்வரிசையில் பந்து வாங்குவதற்கென்றே 'லிபரோ' என்று ஓர் ஆட்டக்காரனுக்கு 1998 முதல் தனி நிறச் சட்டை கொடுத்துச் சிறப்பித்திருக்கிறார்கள். உயரம் குறைந்த பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு. அவன் சட்டையே தனியாகத் தெரியும்.

வேலை கிடைக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். விளையாட்டு வீரர்களுக்கென்று ரயில்வேயில் இடங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை மிகச் சில, வேண்டுவோரோ பல்லாயிரவர். அந்த ஆசையைக் காட்டிப் பிள்ளைகளை அழைக்க எங்களுக்கு மனமில்லை. வேலை வந்தால் மகிழ்வோம். வராவிட்டாலும், தான் விட்ட பந்தைத் தான் விட்டது என்று சொல்லப் பழகிய ஒருவன் எந்த வேலையிலும் நன்றாக இருப்பான்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஆறாம் வகுப்பில் ஒன்பது பேர் வருகிறார்கள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் இருவர் மிஞ்சுகிறார்கள். ஆட்டம் பிடிக்காமல் அவர்கள் நிற்கவில்லை; இருட்டிவிடும் என்று நீங்கள் நிறுத்துகிறீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது; எங்கள் வீட்டிலும் பெண் குழந்தை உண்டு. ஆகையால் வரும் மாதம் முதல் பெண்களுக்கு ஞாயிறு காலை 7 மணிக்கும், புதன் மாலை 5 மணி முதல் 6 மணி வரையிலும் பயிற்சி என்று வைத்திருக்கிறோம். தாய்மார்களில் இருவர் முறை வைத்து உடன் வர இசைந்திருக்கிறார்கள். இன்னும் நால்வர் வேண்டும். இந்தியாவின் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றது நம் ரயில்வேயின் மகளிர் அணி. அந்த ரயில்வேயின் காலனியில், பெண்களுக்கு ஓர் அணி அமைக்க ஆறு பேர் சேரவில்லை என்றால் அது நமக்குப் பெருமையன்று.

சங்கத்தாரிடம் கேட்பது சிறிது: பந்து நான்கு, வலை ஒன்று. 260 முதல் 280 கிராம் எடையுள்ள அந்தப் பந்து எங்கள் செம்மண்ணில் ஓராண்டுதான் தாங்குகிறது. நிதியறிக்கை படிக்கும்போது காரியதரிசி அவர்கள் இதனை நினைவில் கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

நாடகத்திற்கு நேரமாயிற்று, குழந்தைகள் எங்களை முறைக்கிறார்கள். ஒரே ஒரு சொல். இந்தக் கூட்டத்தில் அந்த டிராக்மேனும் அவர் துணைவியாரும் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூட்டத்தின் நடுவே வைதோம். மன்னிப்பை மட்டும் அவர்கள் வீட்டு அறைக்குள் கேட்டோம். அந்தக் கணக்கு நேராக இல்லை என்பது எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று அதே கூட்டத்தின் முன் கேட்டு நேர்செய்கிறோம்.